'மூக்கு பழகிடும் தம்பி!': ஆம்பூர் தோல் ஷாப்பு கேலியும், அதற்குப் பின்னால் இருக்கும் விஷவாயுவும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலைக்குப் புதுசாகப் போகிறவர்களுக்கு முதல் நாள் கிடைக்கும் ஆறுதல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "இன்னா தம்பி, மூக்கப் பிடிச்சிக்கினு நிக்கற? ஒரு வாரம் போவட்டும், பழகிடும்." சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்த ஊர்க்காரர்களே தங்களைக் கேலி செய்துகொள்வதும் உண்டு. ரயிலில் அசந்து தூங்கினாலும் ஆம்பூரைத் தவறவிட முடியாது, பிரியாணி வாசனையோ தோல் நாற்றமோ ஏதாவது ஒன்று எழுப்பிவிட்டுவிடும் என்பார்கள்.

வேடிக்கைப் பேச்சுதான், ஆனால் பொய் இல்லை. மூக்கு நிஜமாகவே பழகிவிடும். தோல் தொழிலில் உயிரைப் பறிக்கும் பெரிய ஆபத்தும் அந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது. எப்படி? தொழிலாளர்கள் மத்தியில் அன்றாடம் புழங்கும் சில பழக்கங்களையும் நம்பிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது?

ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்பு தடவித்தான் தொழிற்சாலைக்கு வந்து சேரும். தண்ணீரில் ஊறப்போட்டு உப்பையும் ரத்தத்தையும் கழுவுவார்கள். அடுத்தது சுண்ணாம்பு. முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்க்கப்படும். பிறகு ஜவ்வையும் கொழுப்பையும் வழித்து எடுத்து, சுண்ணாம்பை நீக்கி, உப்பும் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு, அதற்குப் பின்னால்தான் பதனிடுவார்கள்.

தாத்தா காலத்தில் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதும். ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய 1970-களில் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு முழுமையாகப் பதனிட்ட தோல், காலணி என்று தொழில் திசை திரும்பியது. பெரிய பெரிய டிரம்களில் போட்டு, குரோமியம் உப்பால் ஓரிரு நாளில் பதனிடும் முறை பரவியது. வேகம் கூடியது, ரசாயனமும் கூடியது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த சல்பைடு. சுண்ணாம்பு இருக்கும்வரை அது தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். கழிவுத் தொட்டியின் அடியில் படியும் கசட்டில் அமிலமே தேவையில்லை. காற்றுப்படாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களே இந்த வாயுவை உண்டாக்கிவிடும்.

மூக்கு நிஜமாவே பழகுமா?

பழகும். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, சாதாரணப் பழக்கம். பூக்கட்டுகிறவருக்குப் பூ வாசனை தெரியாது, மீன் விற்கிறவருக்கு மீன் வாடை தெரியாது. ஒரே வாசனை தொடர்ந்து வந்தால் மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். இதனால் பெரிய கெடுதல் இல்லை.

இரண்டாவதுதான் விபரீதம். ஹைட்ரஜன் சல்பைடு மிகமிகக் குறைந்த அளவில் இருக்கும்போதே மூக்கைத் துளைக்கும். ஆனால், காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கு, அதாவது 100 பிபிஎம் அளவை அது தொடும்போது, வாசனையை உணரும் நரம்பே மரத்துப்போகிறது. சில நிமிடங்களில் நாற்றம் 'போய்விடும்'. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நிபுணர்கள் வைத்திருக்கும் எல்லையும் அதே 100 பிபிஎம்தான். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் தள்ளாடி விழ நேரிடும். 700-ஐத் தாண்டி 1,000-ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். ஓடுவதற்கும் நேரம் இருக்காது, கத்துவதற்கும் நேரம் இருக்காது.

நாற்றம் அதிகமாக அடிக்கும்போது ஆபத்து, குறைந்தால் நிம்மதி என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த வாயு விஷயத்தில் அது தலைகீழ்.

'நேத்து இறங்கினேன், ஒண்ணும் ஆவல'

தொட்டி சுத்தம் செய்யக் கூப்பிட்டால் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நேற்று இறங்கியபோது ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தொட்டி நேற்று இருந்த மாதிரியே இன்றைக்கும் இருக்காது.

கசட்டின் மேல்பகுதி காய்ந்து ஏடு கட்டியிருக்கும்போது வாயு அதற்குக் கீழே சிறைப்பட்டுக் கிடக்கும். மண்வெட்டியை விட்டுக் கிளறும்போது மொத்தமாக வெளியே வரும். சுண்ணாம்புத் தண்ணீர் கிடக்கும் தொட்டிக்கு வேறொரு குழாய் வழியாக அமிலத் தண்ணீர் வந்து சேர்ந்தாலும் இதே கதைதான். இந்த வாயு காற்றைவிடக் கொஞ்சம் கனமானது. அதனால் குழிக்குள்ளேயே தங்கும். மேலே நிற்பவர் நன்றாக இருப்பார், கீழே குனிந்தவர் சாய்ந்துவிடுவார்.

இந்தத் தொட்டிகள் பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. பாலாற்றை நாசமாக்கிய கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக நிறுத்திய தீர்ப்பு அது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாமல் தோல் ஆலை நடத்த முடியாது என்ற நிலை வந்தது. ஆற்றுக்கு அது நல்ல செய்தி. ஆனால் முன்பு ஆற்றில் ஓடியது இப்போது தொட்டியில் நிற்கிறது. அந்தத் தொட்டியில் இறங்குவது யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

விளக்கை இறக்கிப் பார்த்தால் தெரியாதா?

கிணறு தூர்வாரும் கிராமங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இறங்குவதற்கு முன்னால் கயிற்றில் விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். அணைந்தால் இறங்கக் கூடாது. அனுபவத்தில் வந்த அறிவு அது, கிணற்றுக்கு ஓரளவு பொருந்தும். காற்றில் வழக்கமாக ஏறக்குறைய 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். அது 16 சதவீதம் அளவுக்குக் குறைந்தால் சுடர் அணைந்துவிடும்.

தோல் கழிவுத் தொட்டியில் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு 1,000 பிபிஎம் என்றால் காற்றில் பத்தில் ஒரு சதவீதம்தான். அது ஆளைச் சாய்த்துவிடும், ஆனால் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டே இருக்கும். அதோடு, கழிவுத் தொட்டியில் மீத்தேனும் சேர்ந்திருக்கலாம். அங்கே தீயைக் காட்டுவது வெடிப்புக்கு அழைப்பு. கையடக்க வாயு அளவி ஒன்றுதான் இங்கே நம்பகமான 'விளக்கு'.

பால், வெல்லம், வாழைப்பழம் குடலைக் கழுவுமா?

பஞ்சாலை, சிமென்ட், தோல் என்று எங்கே தூசு இருக்கிறதோ அங்கே இந்த நம்பிக்கையும் இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் அல்லது இரண்டு வாழைப்பழம். "உள்ள போனதெல்லாம் வழுக்கிக்கினு வந்துடும்."

சாப்பிடுவதில் தப்பில்லை. உழைத்த உடம்புக்குத் தெம்புதான். ஆனால் தூசும் வாயுவும் போவது மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு. வாழைப்பழம் போவது உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்கு. இரண்டும் வேறு வேறு பாதை. முகக்கவசத்துக்குப் பதிலாக வாழைப்பழம் என்று யாராவது சொன்னால் அது சமாதானமே தவிர, பாதுகாப்பு இல்லை.

நாற்றத்தைத் தாங்க ஒரு 'கட்டிங்' போட்டுவிட்டு இறங்குவதும் கழிவு வேலையில் கேள்விப்படாத விஷயம் இல்லை. மதுவும் தலைசுற்ற வைக்கும், வாயுவும் தலைசுற்ற வைக்கும். எதனால் சுற்றுகிறது என்று உள்ளே இருப்பவருக்கே தெரியாமல் போவதுதான் அதில் மிச்சம்.

கையுறை, பூட்ஸ் கொடுத்தாலும் ஏன் போடுவதில்லை?

'அலட்சியம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது சுலபம். ஈரத்தோல் கையுறையோடு பிடித்தால் நழுவும். பதம் விரலுக்குத்தான் தெரியும் என்பது அனுபவசாலிகளின் வாதம். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் ஒவ்வொரு நிமிடமும் காசு. வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் ரப்பர் பூட்ஸுக்குள் கால் வெந்துவிடும். அளவு பொருந்தாத ஒரே ஒரு ஜோடியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றால் யார்தான் போடுவார்கள்?

ஆனால் சுண்ணாம்பு தோலை அரிக்கும். குரோமியம் சிலருக்கு ஆறாத அரிப்பும் ஒவ்வாமையும் தரும். மனிதர்களின் தோலும் தோல்தான். கைக்குப் பொருந்துகிற கையுறையும், வெயில் காலத்துக்கு ஏற்ற வேலை நேரமும் இருந்தால் பாதி வாதம் தானாகவே அடங்கிவிடும்.

'சின்னக் காயம்தான், விடு'

காலணித் தொழிற்சாலைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். விடிவதற்கு முன்னால் சமைத்து வைத்துவிட்டு, சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் ஏறி வருகிறவர்கள். தையல் மெஷின் ஊசி விரலில் ஏறினால், "இன்னைக்கு விரலுக்கும் சேத்து ஒரு தையல்" என்று சிரித்துவிட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது உண்டு. ஈரத்தரையில் வழுக்கி விழுந்தவரை ஒரு வாரம் கிண்டல் செய்வதோடு விஷயம் முடிந்துவிடும்.

சிரிப்பது நல்லதுதான். ஆனால் எழுதி வைப்பதும் அவசியம். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு. வேலையில் காயம்பட்டு வேலைக்கு வர முடியாமல் போனால் சம்பளத்தில் 90 சதவீதம் வரை உதவித்தொகை கிடைக்கும். இதற்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் பொருந்தும். 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நடக்கும் விபத்தும் இதில் சேரும். கம்பெனி வேன் கவிழ்ந்தாலும் இது பொருந்தும் என்று அர்த்தம்.

விபத்துப் பதிவேட்டில் பதிவாகாத காயம், பின்னாளில் சீழ் பிடித்து விரலே போனாலும், 'வீட்டில் பட்ட காயம்' என்று ஆகிவிடக்கூடும்.

வேலை செய்யும் இடத்திலேயே படுத்துக்கொள்ளலாமா?

வாடகை மிச்சம், காலையில் சீக்கிரம் எழுந்து வர வேண்டியதில்லை. வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் கழிவு பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்கள் எந்தத் தொட்டியிலும் இறங்கவில்லை. பாதுகாப்பான தங்குமிடம் இல்லாததால் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஒருத்தர் விழுந்தால் இன்னொருத்தர் குதிப்பது ஏன்?

கூடவே சாப்பிட்டு, கூடவே சிரித்த ஆள் கண்ணெதிரே விழுந்தால் யாருக்கும் கை பதறும். அந்தப் பதற்றத்தில் அடுத்தவரும் இறங்கிவிடுகிறார். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் 1986-இல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று சொல்லியிருந்தது.

நம் ஊர்ச் சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவிலேயே சொல்லப்பட்டிருந்தது: வாயு இல்லை என்று தகுதியுள்ளவர் எழுத்துப்பூர்வமாகச் சான்று தர வேண்டும். இல்லையென்றால், இறங்குபவருக்குச் சுவாசக் கருவி வேண்டும். இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். இதையெல்லாம் செய்து தர வேண்டியது இறங்குபவர் அல்ல, தொழிற்சாலையை நடத்துபவர்.

அந்தக் கயிறு இருந்தால், விழுந்தவரை மேலே நின்றபடியே இழுத்துவிடலாம். இரண்டாவது ஆள் குதிக்க வேண்டிய தேவையே வராது.

நினைவில் வைக்க வேண்டியவை

• வாயு அளவி வைத்துப் பார்க்காமல், காற்றோட்டம் கொடுக்காமல், கயிறு கட்டாமல் தொட்டியில் இறங்கச் சொன்னால் மறுக்கலாம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.

• யாராவது உள்ளே விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். கத்தி ஆட்களைக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. காற்று ஊதும் இயந்திரம் இருந்தால் உள்ளே காற்றை விடுங்கள்.

• காயம் சின்னதோ பெரியதோ, அன்றைக்கே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

• புதுசாக வருகிற தம்பியைக் கேலி செய்யுங்கள், தப்பில்லை. கூடவே இதையும் சொல்லி வையுங்கள்: தொட்டிப் பக்கம் நிற்கும்போது குப்பென்று அடித்த நாற்றம் திடீரென்று நின்றுபோனால், மூக்கு பழகிவிட்டது என்று நினைக்காதே. உடனே வெளியே ஓடி வந்துவிடு.