சிறுகோளுக்குப் பெயர் வந்த வரலாறு

ஆசியா என்றதும் மாணவர் நிலப்படத்தை நோக்குவர். அப்பெயர் பூண்ட சிறுகோள் ஒன்று வானத்திலும் உண்டு. அது கண்டறியப்பட்ட இடம் சென்னை என்பதைத் தமிழர் பலர் அறியார்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கதிரவனைச் சுற்றிவரும் பாறைப் பொருள்களைச் சிறுகோள்கள் என்பர். 1861-இல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பொறுப்பை ஏற்ற நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஒன்றைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆதலின் அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். கிரேக்கப் புராணத்திலும் அப்பெயருடைய தேவி ஒருத்தி உண்டு. அதன் வரிசை எண் 67.

தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீன் போன்ற புள்ளியாகவே தோன்றும். பின், பிரித்தறிவது எங்ஙனம்? நகர்ச்சியால்தான். விண்மீன்கள் தமக்குள் இடம் மாறா. சிறுகோளோ இரவுக்கு இரவு அவற்றினிடையே பெயர்ந்து செல்லும். பினாங்கு மாணவர் பள்ளித் திடலில் நின்று, வியாழனின் இடத்தை அருகிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுச் சில வாரங்கள் ஏட்டில் குறித்துவரின், இம்முறையைத் தாமே உணர்வர்.

கண்டவுடன் பெயர் சூட்டிவிடலாகாது என்பது இன்றைய விதி. முதலில் ஆண்டைக் குறிக்கும் தற்காலிகக் குறியீடு தரப்படும். பலமுறை நோக்கிச் சுற்றுப்பாதை உறுதியான பின்னரே நிலையான எண் கிடைக்கும். அதன்பின் கண்டவர் பெயரை முன்மொழிவார்; அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் குழு அதனை ஏற்க வேண்டும்.

இவ்வொழுங்கின்படி தமிழர் ஒருவரின் பெயரும் வானேறியது. 1988 பிப்ரவரி 17-இல் சவ்வாது மலைப் பகுதியிலுள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து இராஜமோகன் கண்ட சிறுகோளுக்கு 4130 என்னும் எண்ணும், ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுசன் பெயரும் வழங்கப்பட்டன.

போக்சனின் ஆசியாவுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 127 ஆண்டுகள். இரண்டும் தமிழ்நாட்டிலிருந்து காணப்பட்டவை. நிலநூற் பாடத்தில் ஆசியாவையும் கணக்குப் பாடத்தில் இராமானுசனையும் கற்பிக்கும் ஆசிரியர், இவ்விரு சிறுகோள்களையும் உடன் கூறுவாராயின், வானநூல் அயலார்க்கே உரியது என்னும் எண்ணம் பிள்ளைகள் உள்ளத்தில் வேரூன்றாது.