சாவடி முதல் உப்பளம் வரை

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். புதுச்சேரிக்கு வடக்கே கடலோரச் சாலையில் அமைந்துள்ள பெரிய முதலியார்சாவடி, அந்தப் பழைய உபசாரத்தைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. இன்று வழிப்போக்கருக்குக் குறைவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாகனங்கள் ஓயாமல் வருகின்றன. வருவோர் கடலைப் பார்க்கின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், போய்விடுகின்றனர். இவர்கள் வருகையால் தறியில் அமர்ந்திருப்பவருக்கும் கழனியில் நிற்பவருக்கும் உப்பளத்தில் வேகின்றவருக்கும் கிடைக்கும் பயன் யாது? இக்கேள்வி நம் அங்கத்தினர் பலரின் உள்ளத்தில் இருக்கிறது. அதற்கு விடை காண, நம் வட்டாரத்தில் காணத்தக்கவை எவை என்பதை முதலில் நாமே தெரிந்துகொள்ளவேண்டும்.

முன்னே போனவர்கள்

இதே கேள்விக்கு விடை கண்ட ஊர் ஒன்று ஜெர்மனியில் உண்டு. ரைன் நதியோடு கலக்கும் ஆர் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் உள்ள மைஷோஸ் என்பது அவ்வூர். செங்குத்தான மலைச்சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாகத் திராட்சை பயிரிட்டு, அதிலிருந்து மது வடிப்பது அவ்வூராரின் குலத்தொழில். விளைச்சல் பொய்த்தும் விலை வீழ்ந்தும் அவர்கள் நலிந்திருந்த காலத்தில், 1868ஆம் ஆண்டு, 18 பயிராளிகள் கூடிச் சங்கம் அமைத்தனர். தனித்தனியே வியாபாரியிடம் கெஞ்சிய நிலை மாறி, ஒரே கிடங்கில் சேர்த்து ஒரே பெயரில் விற்றனர்.

அந்த மலைச்சரிவுகளின் ஊடே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை 1972இல் திறக்கப்பட்டது. நடந்து செல்வோர் கொடிகளுக்கு இடையே நடக்கின்றனர். பாழடைந்த கோட்டையைக் காண்கின்றனர். கீழே இறங்கினால் சங்கத்தின் விற்பனைச் சாலையையே அடைகின்றனர். இங்கே ஆண்டுகளைக் கவனிக்கவேண்டும். முதலில் சங்கம் வந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே அப்பாதை வந்தது. தமக்கென்று பொருளும் அதை விற்கும் அமைப்பும் உடையவர்களாய் இருந்தமையால், வந்தவர்களின் பணம் ஊரில் தங்கிற்று. 2021 ஜூலையில் அப்பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் புகுந்து 130க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்போது பிற வட்டாரத்துத் திராட்சைப் பயிராளிகளும் ஓடிவந்து அறுவடைக்குக் கைகொடுத்தனர்.

மது நமக்கு வேண்டா. நாம் கொள்ளத்தக்க பாடம் மதுவில் இல்லை, ஒற்றுமையில் இருக்கிறது. அதே ரைன் வட்டாரத்தில் ரைஃபைசன் என்பார் வளர்த்த கிராம நாணய சங்க முறையைத்தான், சென்னை அரசாங்கம் அனுப்பிய பிரடெரிக் நிக்கல்சன் நேரில் ஆராய்ந்து, 1895லும் 1897லும் அறிக்கைகளாக அளித்தார். 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று. ஆகவே அந்நாட்டுப் பயிராளிகள் நமக்கு அயலார் அல்லர். கூட்டுறவு வழியில் முன்னே சென்ற உறவினரே ஆவர்.

செம்மண் மேடும் கல்லான மரமும்

இனி நம் ஊரிலிருந்து புறப்படுவோம். சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் செம்மண் மேட்டின்மீது ஆரோவில் நகர் உள்ளது. 1968 பிப்ரவரி 28ஆம் நாள் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு அந்நகரைத் தொடங்கினர். அப்போது அம்மேடு மழைநீர் அரித்த வெற்றுத்தரை. குறுக்கே மண்வரப்புகள் இட்டு மழைநீரை நிறுத்தி, இக்கரைக்கே உரிய மரவகைகளை நட்டு, லட்சக்கணக்கான மரங்களை வளர்த்தனர். பயிர் செய்வோர் அங்கே பார்க்கவேண்டியது பொன்னிறக் கோளமாகிய மாத்ரிமந்திரை மட்டுமன்று. மேட்டு நிலத்தில் பெய்யும் நீரை மேட்டிலேயே தங்கவைத்த அந்த வரப்புகளையும் காணவேண்டும்.

அருகே இரும்பை மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம் அது. கடுவெளிச் சித்தரை அவமதித்ததால் இங்குள்ள இலிங்கம் பிளந்தது என்றும், நாடு வறண்டு பாழாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. பிளந்த இலிங்கத்தைச் செப்புத் தகட்டால் பிணைத்திருப்பதை இன்றும் காணலாம்.

இன்னும் மேற்கே சென்றால் திருவக்கரை. அங்குள்ள கல்மரப் பூங்காவில் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. வெள்ளம் உருட்டிவந்த மரங்கள் மணலில் புதைய, மரத்தின் நார் இருந்த இடத்தில் மணற்சத்து படிந்து இறுகிற்று. பட்டையும் வளையமும் அப்படியே தெரிவதால், தொட்டுப் பார்த்த பிறகே அது கல் என்று மனம் ஒப்புகிறது. 1781இலேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கைநூலார் இவற்றைப் பற்றி எழுதினார். வக்கிரகாளி சன்னிதியால் புகழ்பெற்ற சந்திரமௌலீசுவரர் கோயிலும் இவ்வூரிலேயே உள்ளது.

கழுவெளியும் உப்பளமும்

மற்றொரு நாள் வடக்கே செல்வோம். ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் மரக்காணம். வழியில் சாலைக்கு மேற்கே பரந்து கிடப்பது கழுவெளி. சுற்றிலுமுள்ள ஏரிகளின் மிகைநீர் இதில் வந்து தேங்கி, கழிமுகத்தின் வழியே கடலை அடைகிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடமாதலால் மீனும் பறவையும் மிகுதி. மாரிக்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, வாத்தினங்கள் கூட்டங் கூட்டமாக வருகின்றன. 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2024 ஆகஸ்டில் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று. நம் வயலில் தெளிக்கும் மருந்தின் மிச்சமும் வாய்க்கால் வழியே இங்கேதான் வந்து சேரும் என்பதைப் பயிர் செய்வோர் மறத்தலாகாது.

மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்துள்ளன. கழனியைப் போலவே இங்கும் வரப்புண்டு, பாத்தியுண்டு, மடையுண்டு. உவர்நீரைப் பெரிய பாத்தியில் நிறுத்தி, வெயிலில் செறியவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றுகின்றனர். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புச் சத்துடன் புறப்படும் கடல்நீர், அளவுமானியில் 25 பாகை காட்டும்போது சோற்றுப்பாகை விட்டுப் பூக்கத் தொடங்குகிறது. நேரம் தாழ்த்தினால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும். ஆதலின் எஞ்சிய நீரை வடித்துவிடுவர். நீரின் நிறத்தையும் தடிப்பையும் கண்டே பதம் சொல்லும் தொழிலாளர் இங்குள்ளனர். சாயத்தொட்டியில் நூலின் பதம் பார்க்கும் நெசவாளர் இவ்வித்தையின் அருமையை உடனே உணர்வர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை முழுவதும் நின்றுபோகும். அம்மாதங்களில் இக்குடும்பங்களுக்கு அளத்தில் கூலியில்லை.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி நூல் குறிக்கும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பர். பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன.

கோட்டையும் துறையும்

மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தருகே, ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நவாபுகள் காலத்தில் எழுந்த இக்கோட்டை 1750இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்தது. 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றித் தகர்த்தனர். இதன் துறையிலிருந்து சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் ஏற்றுமதியாயின என்பர். நெசவாளர், உப்பளத்தார், கால்நடை வளர்ப்போர் ஆகிய மூவரின் உழைப்பும் ஒரே துறையில் கூடியிருக்கிறது.

இவ்வாணிகம் கோட்டைக்கும் மூத்தது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்கிருந்த செங்கல் தொட்டிகள் துணிக்குச் சாயம் தோய்க்க அமைந்தவை என்று அவர் கருதினார். மேல்நாட்டுத் திராட்சைப் பயிராளியும் தமிழ்நாட்டு நெசவாளியும் ஒருவரையொருவர் காணாமலே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பண்டம் மாற்றிக்கொண்டனர் போலும்!

கரையின் எச்சரிக்கை

காட்சிகள் என்றும் நிலைத்திருக்கும் என்று எண்ணலாகாது. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்திற்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே கரை அரிபட்டது. நகரைக் காக்கக் கல் கொட்டியபோது அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து, சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களை எட்டிற்று. மேல்மடைக்காரன் நீரை மறித்தால் கடைமடைக்காரன் பயிர் வாடும் என்பதை அறிந்தவர் நாம். மணலுக்கும் அதுவே நியாயம். ஓரூர் தனக்கென்று செய்துகொள்ளும் பரிகாரம் அடுத்த ஊரின் துன்பமாகலாம்.

சங்கம் செய்யத்தக்கவை

தை, மாசி மாதங்களில் ஒரு விடுமுறை நாளில் அங்கத்தினர் குடும்பத்துடன் புறப்படலாம். விடியலில் கழுவெளிப் பறவைகள், வெயில் ஏறுமுன் உப்பளம், பின்னர் கோயில், மாலையில் கோட்டை என்று ஒரு நாள். செம்மண் மேடும் திருவக்கரையும் மறுநாள். இளைஞர் சைக்கிளில் வரலாம். உப்புப் பாத்தி வரப்பில் அனுமதியின்றி ஏறவேண்டா. பறவைக் கூட்டத்தை நெருங்கிக் கலைக்கவேண்டா. கல்மரத்தின் துண்டையோ கோட்டைச் செங்கல்லையோ எடுத்துவரவேண்டா. இக்கடலில் இழுப்பு உண்டு. குழந்தைகளை நீரில் இறங்கவிடுதல் ஆகாது.

நாம் கண்டறிந்த பின் பிறருக்கும் காட்டலாம். நெசவாளர் சங்கமும் பயிராளர் சங்கமும் ஒன்றுகூடி, சாலையோரத்தில் ஒரே விற்பனைச் சாலை வைக்கட்டும். கைத்தறித் துணி, வேர்க்கடலை, சிறுதானியம், மரக்காணத்து உப்பு ஆகியவை ஓரிடத்தில் நியாய விலையில் கிடைக்கட்டும். தறியையும் உப்பளத்தையும் காட்டி விளக்குபவர் உழைப்பாளிகளாகவே இருக்கட்டும். அவர்கள் வேலை நேரத்தைச் செலவிடுவதால் அதற்குரிய கூலி கணக்கில் எழுதப்படவேண்டும். வரவில் ஒரு பகுதி மழைமாதங்களில் கூலியற்றிருக்கும் உப்பளக் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படின் இன்னும் சிறப்பு.

இவற்றை நாம் செய்யாவிடில் வாகனங்கள் வருவது நிற்கப்போவதில்லை. வந்தவர் பணம் வேறெங்கோ போகும், புழுதி மட்டும் நமக்கு மிஞ்சும். மைஷோஸ் ஊரார் 18 பேராய்த் தொடங்கினர். நம் சங்கங்களின் அங்கத்தினர் பட்டியலோ அதனினும் நீண்டது. அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதனைப் பிரேரித்தால், ஆதரித்து வழிமொழிய நாம் ஆயத்தமாய் இருப்போமாக.