மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது?



புற்றுநோய் ஆராய்ச்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது சோதனைக் கூடமும் புதிய மருந்தும்தான். ஆனால் மருந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது? இதை ஆராய்வதும் புற்றுநோய் ஆராய்ச்சிதான். நோயாளியின் மனம், பழக்கம், பயம், குடும்பச் சூழல் ஆகியவற்றை ஆராயும் இத்துறைக்கு இளம் ஆய்வாளர்களை எப்படித் தயார்படுத்துகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓர் உதாரணம். ஹார்மோனால் தூண்டப்படும் மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபன் என்ற மாத்திரை கொடுக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் சாப்பிட்டால், அடுத்து வரும் 15 ஆண்டுகளில் அந்நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2011இல் வெளிவந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. விலையும் அதிகமில்லை.

அப்படியானால் எல்லாரும் சாப்பிட வேண்டுமல்லவா? அமெரிக்காவின் வட கலிபோர்னியாவில் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளை ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். நாலரை ஆண்டுக்குள் 100க்கு 32 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். தொடர்ந்தவர்களிலும் பலர் இடையிடையே விட்டுவிட்டார்கள். முழுக் காலமும் முறையாகச் சாப்பிட்டவர்கள் 49 விழுக்காட்டினர் மட்டுமே.

உயிரைக் காக்கும் மாத்திரையை ஏன் நிறுத்த வேண்டும்? உடம்பு திடீரென்று கொதிப்பது, மூட்டு வலி, தூக்கமின்மை ஆகியவை ஒரு பக்கம். "எனக்குத்தான் குணமாகிவிட்டதே" என்ற எண்ணம் ஒரு பக்கம். தினமும் மாத்திரையைப் பார்க்கும்போது நோய் ஞாபகம் வருகிறதே என்ற வேதனை இன்னொரு பக்கம். மருத்துவர் கேட்டால் "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்றுதான் பதில் வரும்.

கேட்கவும் ஒரு பயிற்சி

இங்கேதான் பயிற்சி பெற்ற ஆய்வாளர் தேவைப்படுகிறார். "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று அவர் கேட்க மாட்டார். "எல்லாருக்கும் சில நாள் விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போனது?" என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் வர வாய்ப்பு அதிகம்.

நியூயார்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், 1977இல் டாக்டர் ஜிம்மி ஹாலண்ட் என்ற பெண்மணி நோயாளிகளின் மனநலத்திற்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். காய்ச்சலை அளப்பதுபோல மன உளைச்சலையும் சுழியத்திலிருந்து 10 வரை அளக்கும் எளிய முறை அவருடைய குழுவினர் உருவாக்கியது. 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1987இல், புற்றுநோய்த் தடுப்புக்கான ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்கத் தனித் திட்டம் தொடங்கியது.

இத்தகைய பயிற்சிகளில் மூன்று அம்சங்கள் முக்கியமானவை. ஒன்று, இரண்டு வழிகாட்டிகள். ஒருவர் புற்றுநோய் மருத்துவர். மற்றவர் மனித நடத்தையை அறிந்தவர். இரண்டு, அளக்கும் முறை. கேள்வித்தாள் தயாரிப்பது, புள்ளிவிவரம் பார்ப்பது, ஒரு யோசனை பலன் தருகிறதா என்று இரு குழுக்களை ஒப்பிட்டுச் சோதிப்பது. மூன்று, நேரம். அமெரிக்காவில் இளம் ஆய்வாளருக்கான பல உதவித்தொகைகள், அவர் நேரத்தில் 75 விழுக்காட்டை ஆய்வுக்கே ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. நேரம் கிடைக்காவிட்டால் நல்ல ஆய்வாளரும் அன்றாட மருத்துவமனை வேலையிலேயே கரைந்துபோவார்.

இதனால் பலன் உண்டா என்று கேட்கலாம். அதே நியூயார்க் மையத்தில் கீமோதெரபி பெற்ற 766 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் வலி, வாந்தி போன்ற தொல்லைகளைக் கணினி வழி தாங்களே தெரிவித்தார்கள். தொல்லை கூடினால் தாதியருக்குத் தகவல் போனது. 2017இல் வெளிவந்த முடிவின்படி அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களுக்கு 26 மாதம். காது கொடுத்துக் கேட்டதற்குக் கிடைத்த பலன் ஐந்து மாதம்.

தமிழில் கேட்பது யார்?

இந்த விஷயம் நம்மையும் தொடுகிறது. ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. ஒருவர் தமிழாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்ட பிறகு, நோயாளிகளிடமே காட்டிப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். நம் பாட்டிமார் "எனக்கு மன உளைச்சல்" என்று சொல்வார்களா? "மனசு பாரமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை" என்பார்கள். அந்தப் பேச்சைப் புரிந்துகொண்டு அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே வர வேண்டும்.

ஆகவே, மனவியல், தாதிமை, மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இப்படியும் ஒரு துறை உண்டு என்று சொல்லிவையுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றும் நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை: நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தொல்லையைக் குறைக்க வழி இருக்கலாம். வேறு மருந்தும் இருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.