பெயர் வரிசை கணினிக்குத் தெரியுமா?

ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் ஆறாம் ஆண்டு மாணவர்களில் முதல் பத்துப் பேருக்குப் பரிசு கொடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர்களும் மதிப்பெண்களும் கணினியின் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பொத்தானைத் தட்டியதும் பட்டியல் வந்துவிடுகிறது. ஆனால் நூறு மதிப்பெண் எடுத்த பிள்ளையின் பெயர் அடியில் கிடக்கிறது. யாரும் கவனிக்காமல் அப்படியே மேடைக்குப் போனால், அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்!

குறை கணினியிடமா? இல்லை. கேட்ட விதத்தில்தான் குறை.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கைதான் இன்றைய பெரும்பாலான தரவுத்தளங்களுக்கு அடிப்படை. அதன்படி, அட்டவணையில் உள்ள வரிகளுக்கு முன், பின் என்பதே கிடையாது. பையில் போட்டுவைத்த சீட்டுகளைப் போலத்தான் அவை. இன்று ஒரு வரிசையில் வந்த பட்டியல் நாளை வேறு வரிசையில் வரலாம். வரிசை வேண்டுமானால் எஸ்.கியூ.எல். மொழியில் 'ஆர்டர் பை' என்ற கட்டளையைச் சேர்த்தே ஆகவேண்டும். அதோடு நிறுத்திவிட்டால் சிறியது முதலில் வரும். பெரியது முதலில் வரவேண்டும் என்றால் 'டெஸ்க்' என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும்.

அப்படிச் செய்தும் நூறு ஏன் கீழே போனது? மதிப்பெண்ணை எண்ணாகப் பதியாமல் எழுத்தாகப் பதிந்திருப்பார்கள். எழுத்தாகப் பார்த்தால் கணினி முதல் இலக்கத்தைத்தான் முதலில் ஒப்பிடும். 9ஐ விட 1 சிறியது. எனவே 92, 88, 75 எல்லாம் முன்னே வர, 100 கடைசிக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்தாவது இடத்தில் இருவர் 88 மதிப்பெண்ணுடன் சமமாக நிற்கிறார்கள். பத்துப் பேர் மட்டும் போதும் என்று கட்டளையிட்டால் ஒருவர் விடுபடுவார். யார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இருவருக்கும் பரிசா, வேறு பாடத்தைப் பார்ப்பதா என்பதைச் சங்கம்தான் தீர்மானிக்க வேண்டும். கணினியின் தற்செயலுக்கு அதை விட்டுவிடக் கூடாது.

அடுத்து, பெயர் வரிசை. நம் நாட்டில் அரசாங்கப் பதிவுகளில் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் தெரிவதில்லை. விழா மலருக்குத் தமிழில் தட்டச்சு செய்யும்போதுதான் அது தலைதூக்குகிறது.

கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். அந்த எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் நான்கு பெயர்கள் இப்படி வரும்: கணேசன், கண்ணன், கனகா, கமலா. தமிழ் அகராதி முறைப்படி வரவேண்டியதோ கண்ணன், கணேசன், கமலா, கனகா.

காரணம் என்ன? யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி, இந்தியாவின் 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்தது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான சட்டம் அது. அதனால் ன, ற, ழ மூன்றும் முறையே ந, ர, ள ஆகியவற்றை அடுத்து இடம்பெற்றன. பிள்ளைகள் படிக்கும் வரிசையிலோ 'ன' கடைசி மெய்; 'ம' அதற்கு வெகுமுன்னே வரும். மேலும் யூனிகோட்டில் 'ண்' தனி எழுத்தன்று. 'ண'வும் புள்ளியும் சேர்ந்தது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் கணேசன் கண்ணனை முந்திக்கொள்கிறார். 'ஜ'வின் எண் 'ச'வை அடுத்து இருப்பதால், ஜெயா என்ற பெயரும் தேவிக்கும் வாணிக்கும் முன்னே வந்துவிடும். அகராதி முறையில் கிரந்த எழுத்துகள் இறுதியில்தான் வரும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. எந்த மொழியின் முறைப்படி அடுக்க வேண்டும் என்று சொல்லும் விதிக்குக் 'கொலேஷன்' என்று பெயர். யூனிகோட் கூட்டமைப்பு பராமரிக்கும் சி.எல்.டி.ஆர். தொகுப்பில் தமிழுக்கும் அத்தகைய விதி இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், 2017ஆம் ஆண்டில் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து ஐ.சி.யு. நிரல் தொகுதியின் வழியாக இத்தகைய விதிகளைப் பயன்படுத்த இடமளிக்கிறது. வேறு தரவுத்தளம் என்றால் அதில் தமிழ்க் கொலேஷன் உண்டா என்று மென்பொருள் செய்து கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் கண்ணன், கணேசன், கமலா, கனகா, ஜெயா என்ற ஐந்து பெயர்களை மட்டும் அடுக்கிப் பாருங்கள். இதே வரிசையில் வந்தால் கவலையில்லை. மாறி வந்தால் விழாவுக்கு முன்பே சரிசெய்ய நேரம் இருக்கும்.