பரீட்சை முடிந்தது, காட்டுக்குப் போகலாமா?

எஸ்.பி.எம். முடிந்த கையோடு கமுந்திங் பிள்ளைகள் பலர் தேடுவது தொழிற்சாலை வேலை, இல்லாவிட்டால் தைப்பிங் பேரங்காடியில் காசாளர் வேலை. இரண்டும் வேண்டாம், வனப் பூங்காப் பக்கம் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் உடனே மறுக்காதீர்கள்.

நம் பேராக்கிலேயே அரச பெலும் பூங்கா இருக்கிறது. கெரிக் போய், பண்டிங் தீவுப் படகுத்துறையிலிருந்து தெமெங்கோர் ஏரி வழியாக நுழைய வேண்டும். பகாங்கில் தாமான் நெகாரா. அதன் வாசலான கோலா தஹானில் ஆற்றில் மிதக்கும் உணவகங்களே உண்டு. பூங்கா அலுவலகத்தைவிட இந்த உணவகம், விடுதி, படகு வீடுகளில்தான் தற்காலிக வேலை தேட வேண்டும். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிக்கு உரிமம் தேவை. புதிதாகப் போகும் பிள்ளைக்கு அறை துப்புரவும் பாத்திரமும்தான். புலி பார்க்கும் கனவெல்லாம் அப்புறம்!

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம். தாமான் நெகாராவில் கூட்டம் கூடுவது மார்ச்சுக்குப் பிறகு. ஆள் தேவைப்படுவதும் அப்போதுதான். மழை விடுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

சம்பளம் பேச வெட்கம் கூடாது. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கணக்கில் 8.17. "தங்க இடமும் சாப்பாடும் தருகிறோமே" என்பது அதற்கு ஈடாகாது. இ.பி.எஃப்., சொக்சோ கட்டுகிறார்களா, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, ஓர் அறையில் எத்தனை பேர், கைப்பேசி எடுக்குமா என்று கேளுங்கள். முடிந்தால் பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.