மேலிருந்தா, கீழிருந்தா?

பிளைவுட் பலகையில் பூவும் கொடியும் சிலுவையும் நட்சத்திரமுமாக வெட்டி எடுக்கும் ஃபிரெட் வேலை கண்ணுக்கு விருந்தாகும். கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னால் வைக்கும் ஒரு சிறு தட்டியிலேயே நாற்பது, ஐம்பது இடைவெளிகள் வரும். ஒவ்வொன்றுக்கும் ரம்பத்தின் பிளேடைக் கழற்றி, துளையில் கோத்து, மறுபடி மாட்ட வேண்டும். எந்தப் பக்கமிருந்து கோப்பது? கேள்வி சிறிதுதான். ஆனால் பல நாள் உழைப்பு முறிந்துபோவதும் முழுமை பெறுவதும் இதைப் பொறுத்தே அமையும்.

மின்சார ஸ்குரோல் ரம்பத்தில் மெல்லிய பிளேடு செங்குத்தாக நின்று மேலும் கீழும் ஓடும். அதன் நீளம் பெரும்பாலும் 5 அங்குலம். இரு முனைகளையும் இரு பிடிகள் இறுக்கிக்கொண்டிருக்கும்.

கீழிருந்து கோக்கும் முறையில், மேல்பிடியை மட்டும் தளர்த்திப் பலகையைத் தூக்கி, துளையைப் பிளேடின் நுனியில் இறக்குகிறோம். பிடி கைக்கு எட்டுவதால் வேலை விரைவாக நடக்கும். ஆனால் துளையின் அடிப்பக்கம் தெரியாது. தடவித் தேட வேண்டும். பெரிய பலகையைச் சாய்த்துப் பிடிக்கும்போது, வெட்டி முடித்த மெல்லிய கொடிகள் முறியக்கூடும்.

மேலிருந்து கோக்கும் முறையில், பிளேடு மேல்பிடியில் தொங்க, கீழ்முனையை விடுவிக்கிறோம். ரம்பத்தின் மேற்கை உயரும் இயந்திரத்தில் இது எளிது. பலகை மேசைமீது படுத்திருக்கும். துளையைப் பார்த்தே பிளேடை இறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மேசைக்கடியில் கைவிட்டு முனையை மாட்ட வேண்டும்.

ஆகவே, சிறிய பலகைக்குக் கீழிருந்து கோப்பதே போதும். பெரிய பலகை, நெருக்கமான பின்னல் என்றால் மேலிருந்து கோப்பதே நன்று. மேற்கை உயராத இயந்திரமானால், துளையின் அடிவாயைச் சற்று அகலமாக்கிவிடுங்கள். நுனி எளிதில் நுழையும்.

எம்முறையானாலும் சில விதிகள் உண்டு. கோக்குமுன் மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துளையிட்டபின் அடியில் எழும் சிம்புகளை உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். இல்லையேல் பலகை மேசையில் சமமாகப் படியாது. பிளேடின் பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். நடுவிலிருந்து வெட்டத் தொடங்கினால் சுற்றியுள்ள மரம் தாங்கிக்கொள்ளும். வெளி விளிம்பைக் கடைசியில் வெட்ட வேண்டும்.

தோழியரே, ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த நமக்கு இக்கலை கடினமன்று. எப்பக்கம் கோப்பது என்பதை முதல் துளை போடுமுன்பே தீர்மானித்துக்கொண்டால், கடைசி இதழ்வரை பலகை நம் கையில் முழுதாய் இருக்கும்.