பித்தளைக் குழலிற் பொறியிசை

பித்தளை வாத்தியக் குழுவினர் இலத்திரனியல் நடன இசையை ஊதினர் என்றால், அதனைக் கேலிக்கூத்தென்றே பலரும் கொள்வர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். கேட்டபின் எண்ணம் மாறிற்று.

இங்கிலாந்தின் வடபகுதியில் 19ஆம் நூற்றாண்டு முதலாக ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் வேலை முடிந்தபின் கூடி வளர்த்த குழுக்கள் பல. ஸ்ரொக்போட்டில் விமானத் தொழிற்சாலையினர் 1937இல் தொடங்கிய பெயரி குழு அவற்றுள் ஒன்று. 1997இல் ஜெரமி டெலர் என்னும் கலைஞர், 'அசிட் ஹவுஸ்' இசையை ஊதுமாறு அக்குழுவினரை வேண்டினார். சிக்காகோவிற் பிறந்து, 1980களின் இறுதியில் மான்செஸ்ரர் இளைஞரை விடிய விடிய ஆட்டிய இசை அது. இரண்டுக்கும் உறவு யாது? டெலர் வரைந்த வரைபடமொன்றில், 1984–85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் ஆலைத்தொழிலின் வீழ்ச்சியும் இவ்விரு இசைக்கும் நடுவே நிற்கின்றன. தந்தையர் உழைத்து ஊதிய நாட்டில், வெறுமையாய்க் கிடந்த பண்டகசாலைகளே மைந்தருக்கு ஆடரங்காயின.

இனி, ஊதும் வகை. அசிட் ஒலி ரோலண்ட் 303 என்னும் சிறு பொறியிற் பிறப்பது; அதன் குமிழைத் திருகத் திருக, மங்கிய ஒலி கூர்மையுறும். பித்தளைக் குழலும் அத்தகையதே: மெல்ல ஊதின் மழுங்கல், பலத்து ஊதின் பளபளப்பு. ஆதலின் ரொட்னி நியூற்றன் குழுவுக்கேற்பப் பெயர்த்தெழுதியவை பொருந்தியமை வியப்பன்று. இடர் பிறிதொன்று. பொறிக்கு மூச்சில்லை, ஒரே சுரக்கோவையை இரவு முழுதும் இசைக்கும். ஊதுவோனுக்கோ உதடு சோரும், நெஞ்சு காற்றை வேண்டும். ஒருவர் மூச்செடுக்கையில் மற்றவர் தாங்குதல் வேண்டும். 1988இல் மான்செஸ்ரரிற் பொறிகளால் ஆன 'வூடூ ரே' என்னும் உருப்படியை இக்குழுவின் இசைத்தட்டில் நாம் மிக விரும்பிக் கேட்டது இதனாலேயே.